பொங்கல் படமும் கத்திரிப் படமும்

எங்கள் ஆபீசில் சாட்டிலைட் படங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட இரண்டு பெயர்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் எடுத்தது பொங்கல் படம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் நடுப்பகுதி வரை எடுத்தது கத்திரிப் படம். சென்னையையும் அதைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களையும் மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு வருடத்தில் உருப்படியாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பருவம்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் பஞ்சு பஞ்சாக மேகம் சிதறிக் கிடக்கும். அக்டோபர் பிறந்தால் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, படத்தைத் திறந்தால் முழுக்க வெள்ளை, அடியில் ஊரே இருக்காது. பொங்கலை ஒட்டித்தான் வானம் கழுவிவிட்ட மாதிரி தெளியும். அதிலும் போகி அன்று காலை எடுத்த படமாக அமைந்துவிட்டால் புகைமூட்டத்தில் அதுவும் வீண்.

இந்த இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருடமாக நான் பார்க்கிற வேலையில் பெரிய பொறுப்பு எது என்று யாராவது கேட்டால் மென்பொருளையோ சாட்டிலைட்டையோ சொல்ல மாட்டேன். எந்த மாதத்துப் படத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைத்தான் சொல்வேன்.

ரிமோட் சென்சிங் டெக்னீஷியன் என்றால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "இஸ்ரோவிலா?" என்றுதான். இல்லை. கிண்டியில் ஒரு தனியார் அலுவலகம், வரிசையாக மேஜைகள், ஆளுக்கு இரண்டு மானிட்டர், ஏசி குளிருக்கு ஒரு சால்வை. அரசுத் துறைகளும் கன்சல்டிங் கம்பெனிகளும் ஒரு பகுதியின் நிலப்பயன்பாட்டு வரைபடம் வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் படத்தை இறக்கி, அதில் காற்றின் தூசியாலும் ஈரத்தாலும் வந்த மங்கலைச் சரிசெய்து, தரையோடு பொருத்தி, அதன் மேல் கோடு வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இது வயல், இது தோப்பு, இது குடியிருப்பு, இது ஏரி என்று ஒரு குறியீட்டு எண் கொடுத்து அனுப்புவோம். கோடு வரைவதை டிஜிடைஸ் பண்ணுவது என்போம், அடைத்த வடிவத்தைப் பாலிகன் என்போம். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் இதுதான். கண் எரியும், வலது மணிக்கட்டு வலிக்கும். ஷீட் கணக்கில் கூலி தருகிற இடங்களும் உண்டு, அங்கே வேகம் மட்டும்தான் பேசும்.

பிக்சல் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் கிரவுண்டு (2,400 சதுர அடி) கணக்கில்தான் சொல்லிக் கொடுப்பேன், சென்னைக்காரர்களுக்கு அதுதான் சட்டென்று ஏறும். ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, அரை கிரவுண்டு கூட வராது. நம்முடைய ரிசோர்ஸ்சாட் சாட்டிலைட்டின் லிஸ்-3 கேமராவில் 23.5 மீட்டர், சுமார் இரண்டரை கிரவுண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் 30 மீட்டர், நாலு கிரவுண்டு. நாலு மனை, அதில் இரண்டு வீடு, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், பாதித் தெரு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நிறம். அந்த ஒரு நிறத்தைப் பார்த்து அங்கே இருப்பது என்ன என்று நாம் எழுத வேண்டும்.

நிறமும் நாம் பழகிய நிறம் இல்லை. இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ரொம்ப அதிகமாகத் திருப்பி அனுப்பும், அதைத் திரையில் சிவப்பாகக் காட்டுவது வழக்கம். அதனால் பச்சை எல்லாம் சிவப்பு. நாற்று நட்டு ஒரு மாதமான நெல் ரோஜா கலந்த சிவப்பு, ஈசிஆர் பக்கத்துச் சவுக்குத் தோப்பு காய்ந்த ரத்தம் மாதிரி பழுப்புச் சிவப்பு, தண்ணீர் கறுப்பு அல்லது கருநீலம், கான்கிரீட் வெளிர்நீலம், கேளம்பாக்கம் உப்பளம் சீட்டு அடுக்கியது மாதிரி கட்டம் கட்டமாக. முதல் வாரம் எல்லாருக்கும் தலை சுற்றும். இரண்டு மாதத்தில் பழகிவிடும். அப்புறம் பஸ்ஸில் போகும்போது வேப்பமரத்தைப் பார்த்தால்கூட இது எவ்வளவு சிவப்பாக வரும் என்று மனசு கணக்குப் போடும்.

சரி, 2015க்கு வருகிறேன்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு பகுதி எனக்கு வந்தது. லிஸ்-4 படம், பிக்சல் 5.8 மீட்டர், அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பெரிய துல்லியம். மே மாதத்துப் படம். அதில் ஒரு இடத்தில் ஐம்பது அறுபது ஏக்கர் அளவுக்குத் திட்டுத் திட்டாகச் சிவப்பு, நடுநடுவே வெளிறிய மண். அதன் கிழக்கு ஓரத்தில் வில் மாதிரி வளைந்து ஒரு வெள்ளைக் கோடு. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சிவப்பும் மண்ணும் கலந்த இடத்துக்குப் புதர் நிலம் என்று குறியீடு போட்டேன், வெள்ளைக் கோட்டை மண் ரோடு என்று வரைந்தேன். முதல் சரிபார்ப்பில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. படத்தில் அப்படித்தானே தெரிகிறது.

ஜூலையில் களச் சரிபார்ப்பு. கையில் ஒரு ஜி.பி.எஸ், அச்சடித்த வரைபடம், கேள்விப் படிவம், வாடகைக் கார். காலையிலிருந்து இருபது புள்ளிகள் பார்த்துவிட்டு மத்தியானம் அந்த "மண் ரோட்டில்" ஏறினோம். நான் மேற்குப் பக்கம் பார்த்து, ஜி.பி.எஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, புதர் சரி என்று டிக் அடிக்கப் போனேன். கார் ஓட்டிய அண்ணன் "என்னம்மா தேடறீங்க?" என்றார்.

"ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற புதர்தான் அண்ணா."

"ரோடா? இது கரைம்மா. ஏரிக் கரை. நான் நீச்சல் கத்துக்கினதே இதுலதான்."

அவருக்குப் பக்கத்து ஊர். காரை நிறுத்திவிட்டு இறங்கி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கருங்கல் தூண் இரண்டு நிற்க, மதகு. பலகை இல்லை, அடைத்துக் கிடந்தது. கரை போய் முடிகிற இடத்தில் அகலமாகக் கல் கட்டிய கலங்கல், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிற இடம். ஏரிக்கு உள்ளே சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. கோடையில் மற்ற செடியெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும், நான் படத்தில் பார்த்த சிவப்பு அதுதான். வெளிறிய மண் இருந்த இடத்தில் பசங்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரைக்குக் கிழக்கே, கீழே, வரப்பு வரப்பாக நிலம், ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு. எனக்குக் கை கால் வெலவெலத்துப் போனது. ஒரு ஏரியை முழுசாக ஒரு வரைபடத்திலிருந்து எடுத்திருந்தேன். அந்த வரைபடத்தை நாளைக்கு யாரோ ஒருவர் மேஜையில் விரித்து, இங்கே புதர்தான் இருக்கிறது, பயன்படாத நிலம், கொடுக்கலாம் என்று முடிவு எடுக்க முடியும்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் திரும்பி சரிபார்ப்புப் பிரிவில் இருந்த அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "எந்த மாசப் படம் அது?"

"மே."

"மே மாசப் படத்த மட்டும் வச்சிக்கினு பார்த்தா செம்பரம்பாக்கத்தையே புதர்னு போட்டுடலாம்."

அன்றைக்கு அது எனக்கு மிகைப்படுத்திச் சொன்ன மாதிரி இருந்தது. நாலு வருடம் கழித்து, 2019 ஜூனில், செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி நாலும் வறண்டு சென்னை குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய அந்தக் கோடையில், செம்பரம்பாக்கம் படத்தைத் திறந்து பார்த்தேன். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள ஏரி வெடித்த மண்ணாகக் கிடந்தது. அக்கா சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

அக்கா அன்று ராத்திரி எட்டரை வரை உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் எந்த வகுப்பிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஏரி வெட்டினவர்கள் பள்ளம் தோண்டவில்லை, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை போட்டார்கள். அதனால் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் வழவழப்பான வளைவு, மேற்குப் பக்கம் பிய்த்துப் போட்ட மாதிரி ஒழுங்கில்லாத ஓரம். கரை மேல் பனை வரிசை இருக்கும், மேலிருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாக, காலை நிழல் மேற்கே சாய்ந்து தெரியும். கரைக்குக் கீழே நிலம் துண்டு துண்டாக, வாய்க்கால் நரம்பு மாதிரி பிரிந்து போகும். கரைக்கு மேலே வரப்பே இருக்காது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாத கத்திரிப் படத்திலும் இந்த நாலும் சேர்ந்து நின்றால் அது ஏரி. நிறத்தைப் பார்க்காதே, அமைப்பைப் பார், அப்புறம் பொங்கல் படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வை, என்றார்.

எங்கள் துறையில் நிலப்போர்வை என்று ஒன்று, நிலப்பயன்பாடு என்று ஒன்று. முதலாவது, தரையின் மேல் இந்த நிமிடம் போர்த்தியிருப்பது என்ன: புல்லா, மண்ணா, தண்ணீரா. இரண்டாவது, அந்த இடம் எதற்கான இடம். சாட்டிலைட் காட்டுவது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதை மனுஷன் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் 1:50,000 அளவில் நிலப்பயன்பாட்டு வரைபடம் போட்டபோது காரிஃப் (மழைக்காலம்), ராபி (குளிர்காலம்), சையித் (கோடை) என்று மூன்று சாகுபடிப் பருவத்துப் படங்களையும் எடுத்துக்கொண்டது அதற்காகத்தான். ஆனால் தனியார் வேலைகளில் அவசரம், பட்ஜெட், கிளையன்ட்டுக்கு மேகமே இல்லாத பளிச் என்ற படம் வேண்டும். பளிச் என்ற படம் கோடையில்தான் கிடைக்கும். இப்படியே போனால் மே மாதத்து ஊர்தான் பன்னிரண்டு மாதத்துக்கும் ஊர் என்று ஆகிவிடுகிறது. இது எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம், இன்றைக்கும்.

அந்த டிசம்பரைச் சென்னைக்காரர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அடையாறு கரையைத் தாண்டியது. எங்கள் ஆபீஸ் ஒரு வாரம் திறக்கவில்லை. செல்போன் டவர் திரும்ப வந்த மறுநாள் அந்த அண்ணன் போன் செய்தார். பத்திரமா என்று கேட்டுவிட்டு, "ஏரி ரொம்பிடுச்சும்மா. கலங்கல் போவுது," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம், அடுத்த வரியிலேயே கவலை. கலங்கலுக்குக் கீழே தண்ணீர் போகிற ஓடையை மூடிப் புதிதாக மனை பிரித்திருந்தார்கள், அங்கே கட்டியிருந்த மூன்று வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு அது ஓடை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மனை பார்க்க வந்ததும் கோடையாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளம் என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி, மேகத்துக்கு மேலே இருக்கிற சாட்டிலைட்டுக்கு எப்படித் தெரியும் என்பது. சாதாரணக் கேமராவுக்குத் தெரியாது. ரேடாருக்குத் தெரியும். சென்டினல்-1 என்ற ரேடார் சாட்டிலைட் தானே நுண்ணலையைச் சாய்வாக அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும், மேகம், இருட்டு எதுவும் தடை இல்லை. அமைதியான தண்ணீர் கண்ணாடி மாதிரி, வந்த அலையை அந்தப் பக்கமாகத் தள்ளிவிடும், சாட்டிலைட்டுக்கு ஒன்றும் திரும்பாது, அதனால் தண்ணீர் கறுப்பு. திறந்த வயல்வெளியில் வெள்ளம் பரவினால் இது அருமையாக வேலை செய்யும். ஊருக்குள்தான் சிக்கல். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் பட்ட அலை இரண்டு தடவை மோதி நேராகத் திரும்பி வரும், அதனால் கட்டிடம் இருக்கிற இடமெல்லாம் வெள்ளை. தெருவில் தண்ணீர் நின்றால் அந்த மோதல் இன்னும் பலமாகும், இன்னும் வெள்ளையாகும். வெள்ளைக்குள் வெள்ளை. முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு தெருவே தவிக்கும்போது படத்தில் அது சும்மா பளபளக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் தண்ணீரும் இல்லை. மீனம்பாக்கம் ரன்வே வழவழப்பானது, எந்த நாளும் கறுப்பு. 2015இல் ரன்வேயில் நிஜமாகவே தண்ணீர் நின்று விமான நிலையத்தை மூடினார்கள், படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒன்றுதான்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. மடிப்பாக்கம் பக்கத்தில் இருக்கும் சித்தி ராத்திரி போன் செய்தார். கீழ்வீட்டில் இடுப்பளவு, கரண்ட் இல்லை, போனில் பதினைந்து சதவீதம் சார்ஜ். "உங்க சாட்டிலைட்ல எங்க தெரு தெரியுதாடி? தண்ணி ஏறுமா வடியுமா?" என்று கேட்டார். சென்டினல்-1இல் இரண்டு சாட்டிலைட் சுற்றிக்கொண்டிருந்தன, அதில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிப் போனது. மிச்சம் இருந்த ஒன்று அதே தடத்தில் திரும்பி வர 12 நாள். அது வந்து பார்த்தாலும் தெரு வெள்ளையாகத்தான் தெரியும் என்று சித்திக்கு நான் எப்படிச் சொல்வேன்? பழைய டோப்போ ஷீட்டை, அதாவது நில அளவைத் துறை ஊர் ஊராக அளந்து போட்ட வரைபடத்தை, எடுத்தேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 ஷீட், சென்னை 66 சி, 66 டி எண்களில் வரும். எங்கள் படங்களோடு பொருத்தி வைத்த பிரதி லேப்டாப்பில் இருந்தது. சித்தியின் தெரு ஒரு பிறை வளைவுக்கு உள்பக்கம் இருந்தது. "சித்தி, வடிய நாளாகும். விடிஞ்சதும் யாராவது படகு கொண்டுவந்தா கிளம்பிடுங்க, காத்திருக்காதீங்க," என்றேன். எந்த சாட்டிலைட் படமும் எனக்கு அன்று அதைச் சொல்லித் தரவில்லை. அந்த ஷீட்டை வரைய நடந்தே வந்த யாரோ ஒரு சர்வேயர் சொன்னார்.

டோப்போ ஷீட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். எப்போதும் தண்ணீர் இருக்கிற ஏரியை நீலம் பூசிக் காட்டுவார்கள், வற்றிப் போகிற ஏரிக்கு நீலம் இருக்காது, ஆனால் ஏரியின் உருவம் இருக்கும். சர்வேயர் வந்த அன்று அது காய்ந்து கிடந்திருக்கலாம். இருந்தாலும் ஊரில் விசாரித்து ஏரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பழைய ஷீட்டை இன்றைய ஜி.பி.எஸ் ஆயத்தொலைவோடு அப்படியே போட்டால் இடம் தள்ளி நிற்கும், அவர்கள் பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட கணக்கு வேறு. அதை மாற்றிப் பொருத்தத் தெரிய வேண்டும், பொறுமையும் வேண்டும். 1802 ஏப்ரலில் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியபோது சங்கிலியை இழுத்து, மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை அளந்தது பரங்கிமலைப் பக்கத்தில்தான், சுமார் 12 கிலோமீட்டர். 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான் கிண்டி பொறியியல் கல்லூரி, அதே வளாகத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். சங்கிலி இழுத்தவர்கள் அந்த ஏப்ரல், மே வெயிலில் நின்றார்கள் என்பது ஒவ்வொரு கத்திரிக்கும் ஞாபகம் வரும்.

பொங்கல் படம் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் மாவட்டங்களில் நவரைப் பட்டம் உண்டு, மழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் நடவு. நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் ஏரி மாதிரியே கறுப்பாக இருக்கும். ஒரு மாதம் கழித்து அதே வயல் பயிர் எழும்பி வெளுக்கத் தொடங்கும், ஏரி கறுப்பாகவே நிற்கும், அப்போதுதான் இரண்டும் பிரியும். நெல் எவ்வளவு பரப்பில் நட்டார்கள் என்று ரேடாரை வைத்துக் கணக்கு எடுப்பதே இந்த மாற்றத்தை வைத்துத்தான். இன்னொரு பக்கம் ஆகாயத்தாமரை. ஏரி நிறையத் தண்ணீர், மேலே முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தால் படத்தில் அது கரும்புத் தோட்டம் மாதிரி சிவந்து கிடக்கும். தண்ணீரைப் பிரித்தெடுக்க என்.டி.டபிள்யூ.ஐ என்று ஒரு கணக்கு இருக்கிறது, 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் கொடுத்தது, பச்சை ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. எளிமையான, நல்ல கணக்கு. ஆனால் ஆகாயத்தாமரைக்கு அடியில் அதற்குக் கண் இல்லை. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளின் நிழலைச் சில சமயம் தண்ணீர் என்று சொல்லிவிடும். பள்ளிக்கரணைக் கழுவெளியில் இந்தச் சிக்கல் அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கிறது: கோரை, சம்பு, திறந்த தண்ணீர், ஒரு ஓரத்தில் பெருங்குடி குப்பைமேடு. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு இப்போது கொஞ்சமாகச் சுருங்கிக் கிடக்கிறது. 2022இல் அதை ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது எங்கள் ஆபீசில் கேக் வெட்டினோம். எங்களுக்கும் அந்த அறிவிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, சந்தோஷம், அவ்வளவுதான்.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் ஏ.ஐ. வரைந்துவிடுமே, இந்த வேலை இருக்குமா என்று. நேர்மையாகச் சொல்கிறேன், வெறும் கோடு வரைகிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. நான் ஒரு மாதம் வரைந்ததை மாடல் ஒரு மத்தியானத்தில் வரைகிறது, வீட்டு விளிம்புகளை என்னைவிட ஒழுங்காகவும் வரைகிறது. ஆனால் அதற்குக் கற்றுக்கொடுக்க நாம் கொடுப்பது நாம் போட்ட பாலிகன்களைத்தான். 2015இல் நான் புதர் என்று போட்டதை அண்ணன் தடுக்காமல் இருந்திருந்தால் அது இன்றைக்கு ஏதோ ஒரு மாடலுக்குப் பாடமாக இருந்திருக்கும், அது நம் மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான வறண்ட ஏரிகளைப் பார்த்து நம்பிக்கையோடு புதர், புதர், புதர் என்று சொல்லியிருக்கும். வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிற நல்ல முயற்சிகளும் இருக்கின்றன. ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சி மையம் 1984 முதல் உள்ள லேண்ட்சாட் படங்களையெல்லாம் அலசி, உலகத்தில் எந்த இடத்தில் எத்தனை முறை தண்ணீர் இருந்தது என்று ஒரு வரைபடத்தை 2016இல் வெளியிட்டது. எனக்கு அது பொக்கிஷம். ஆனாலும் நம் ஏரிகள் நிரம்புகிற மாதங்களில்தான் மேகம், மேகம் இருந்த நாள் கணக்கில் வராது, அதனால் மூன்று மாதம் மட்டும் தண்ணீர் நிற்கிற சின்னத் தாங்கல்கள் அதிலும் மங்கலாகத்தான் தெரிகின்றன.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், லேண்ட்சாட்டும் சென்டினலும் இலவசம், கணினியும் நெட்டும் இருந்தால் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். முதலில் உங்கள் ஊரின் படத்தை இறக்குங்கள், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள் எந்த நிறத்தில் வருகின்றன என்று பாருங்கள், மாதம் மாறினால் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வி.ஏ.ஓ. ஆபீசில் அ-பதிவேடு என்று ஒன்று இருக்கும், அதில் சர்வே எண்ணுக்கு எதிரே ஏரி, ஓடை, தாங்கல், மேய்க்கால் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளைவிடவும் அது எனக்கு உதவியிருக்கிறது. பெண்கள் களத்துக்குப் போகத் தயங்காதீர்கள், அலுவலகங்கள் ஏதாவது காரணம் சொல்லி நம்மை மேஜையிலேயே உட்காரவைக்கப் பார்க்கும், கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

2025 ஜூலை 30 சாயங்காலம் 5.40க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் சாட்டிலைட், கிளம்பியபோது ஆபீசே மொட்டை மாடியில் நின்றது, வடக்கே பார்த்தபடி, ஆளுக்கு ஒரு போனில் நேரலையோடு. சென்டினல்-1 அனுப்புகிற அலை ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். நிசாரின் எல்-பேண்ட் 24 சென்டிமீட்டர், இலை தழையைக் கடந்து அடியில் போகும். சீமைக் கருவேலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க எனக்கு அந்தக் கண் வேண்டும். அக்கா அதற்கு முந்தின வருடமே ஓய்வு பெற்றுவிட்டார், அன்று அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சரி, டேட்டா வந்ததும் எந்த மாசம்னு பாரு," என்றார்.

இந்த வருடப் பொங்கல் படம் நன்றாக வந்திருக்கிறது. அண்ணனுடைய ஏரியைத் திறந்து பார்த்தேன். கரையின் வளைவு முழுக்க கறுப்பு, மேற்கே கருவேலத்தின் காலடிவரை தண்ணீர் ஏறியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் இப்போது கார் ஓட்டுவதில்லை, மகன் ஓட்டுகிறார். ஐந்து நிமிடத்தில் போன்.

"கலங்கல் போவுதாம்மா?"

10 மீட்டர் படத்தில் அது தெரியாது. தெரியலை அண்ணா என்றேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டார். போகிறதாம், கணுக்கால் அளவுதான், ஆனால் போகிறதாம். அந்த ஏரியின் பாலிகனைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் தேதியோடு அதை எழுதி வைத்தேன்.